மதுரை வெயிலில் ஒரு வசந்தம்: பங்குனி, சித்திரையில் குடும்பத்தோடு என்னென்ன செய்யலாம்

கேள்வி இதுதான்: மதுரையில் அடுக்குமாடி வீடு. 11 வயதில் மகன், 6 வயதில் மகள், கூடவே மாமியார். மார்ச் தொடங்கி மே முதல் வாரம் வரைக்கும் மாலுக்கும் ஊட்டிக்கும் போகாமல், எல்லாரும் சேர்ந்து செய்கிற மாதிரி என்ன இருக்கிறது? இணையத்தில் வசந்த காலம் என்று தேடினால் டியூலிப் தோட்டமும் பிக்னிக் கூடையும்தான் வருகிறது என்று அலுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அந்தப் பட்டியல்களை மூடிவிடுங்கள். அவையெல்லாம் குளிர் நாட்டுக்காரர்களுக்கு. ஆறு மாதம் வீட்டுக்குள் அடைந்து கிடந்துவிட்டு, பகல் முழுக்க வெளியே இருக்க ஆசைப்படுகிறவர்கள் அவர்கள். பஞ்சாங்கம் சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்கிறது. ஆனால் சித்திரை மாதம் பகல் 12 மணிக்கு மாட்டுத்தாவணியில் நின்று பார்த்தவர் யாரும் அதை வசந்தம் என்று சொல்ல மாட்டார். நம் ஊர் வசந்தம் இரண்டு துண்டாக வருகிறது. விடிந்ததிலிருந்து எட்டு, எட்டரை வரை ஒரு துண்டு. சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் தூங்கப் போகும் வரை இன்னொரு துண்டு. நடுவில் இருப்பது வீட்டுக்குள் கழிக்க வேண்டிய நேரம். இந்தக் கணக்கை ஒப்புக்கொண்டு திட்டம் போட்டால் இந்த இரண்டு மாதமும் நன்றாகப் போகும். வெயிலோடு மல்லுக்கு நின்றால் இரண்டாம் நாளே பிள்ளைகள் டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

இன்னொன்று. பிள்ளைகளை எதையாவது 'பார்க்க' அழைத்துப் போவதைவிட, அவர்கள் கையில் ஒரு வேலையைக் கொடுப்பது மேல். ஆறு வயதுக்கும் அறுபத்தைந்து வயதுக்கும் ஒரே வேலையில் பங்கு இருந்தால்தான் 'குடும்பத்தோடு' என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு. கீழே சொல்வதெல்லாம் பெரும்பாலும் அப்படிப்பட்டவைதான்.

முதலில் வேப்பம்பூ. மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் நடு வரை மதுரையில் வேப்ப மரமெல்லாம் பூத்துக் கொட்டும். உங்கள் குடியிருப்பிலோ பக்கத்துத் தெருவிலோ நல்ல வேம்பு ஒன்று கட்டாயம் இருக்கும். இரவு படுக்கப் போகும்முன் அதன் அடியில் பழைய வேட்டி ஒன்றை விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்துவிடுங்கள். காலை ஆறு மணிக்குப் போனால் வெள்ளை வெளேரென்று பூ விழுந்திருக்கும். வண்டிப் புகை படாத தெருவாக இருப்பது முக்கியம், சாப்பிடப் போகிற பொருள் இது. இலைத் துணுக்கும் எறும்பும் நீக்கி ஆய்வது சின்னவளுக்கு ஏற்ற வேலை, சின்ன விரல்களுக்கு அது சுலபம். அலசி, நிழலில் ஒரு நாள், வெயிலில் இரண்டு நாள் காயவைத்து டப்பாவில் போட்டால் ஒரு வருடம் இருக்கும். கடையில் சின்னப் பொட்டலத்துக்கு என்ன விலை கேட்கிறார்கள் என்று மகனை விசாரித்து வரச் சொல்லுங்கள். தான் பொறுக்கியதன் மதிப்பு அப்போது அவனுக்கே தெரிந்துவிடும்.

ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள், அந்தப் பூவில் கொஞ்சம் எடுத்து நெய்யில் கருக வறுத்து மாங்காய்ப் பச்சடியில் சேர்ப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வெல்லம், மாங்காய், மிளகாய், உப்பு, வேப்பம்பூ என்று எல்லாச் சுவையும் ஒரே கரண்டியில் வரும். பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. முந்தின இரவு கனித் தட்டு (விடிந்ததும் முதலில் கண்விழித்துப் பார்க்கிற மங்கலத் தட்டு) வைக்கிற வழக்கம் திருநெல்வேலி, கன்னியாகுமரி, கோவைப் பக்கம் அதிகம். உங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் ஒரு முறை செய்து பாருங்கள். தாம்பாளத்தில் மா, பலா, வாழை, வெற்றிலை, பூ, காசு, நகை, பின்னால் ஒரு கண்ணாடி. அடுக்கும் பொறுப்பு முழுவதும் பிள்ளைகளுடையது, நீங்கள் தலையிடக் கூடாது. அந்தச் சமயத்தில் சரக்கொன்றையும் பூத்துத் தொங்கும். மஞ்சள் சரம் ஒன்று கிடைத்தால் தட்டு நிறைந்துவிடும்.

அடுத்தது கூழ் வத்தல். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைவிட நல்ல குடும்ப விளையாட்டு எனக்குத் தெரியாது. வீட்டில் மாமியார் இருப்பது உங்களுக்குப் பெரிய கொடுப்பினை. அவர்தான் தலைவர், மற்றவர்களெல்லாம் வேலையாட்கள். மொட்டை மாடிக்குக் குடியிருப்புச் சங்கத்திடம் முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். தண்ணீர்த் தொட்டி கழுவுகிற நாளாகப் பார்த்து வத்தல் ஊற்றி மாட்டிக்கொள்ள வேண்டாம்.

பச்சரிசி மாவு ஒரு டம்ளர் என்றால், கரண்டியால் ஊற்றுகிற வத்தலுக்கு ஆறு டம்ளர் தண்ணீர் வரை பிடிக்கும். அச்சில் பிழிவதாக இருந்தால் இரண்டரை போதும். தண்ணீர் கொதிக்கும்போது பச்சை மிளகாயும் உப்பும் அரைத்த விழுது, பெருங்காயம், சீரகம் போட்டு, கரைத்த மாவை ஊற்றிக் கட்டி விழாமல் கிளற வேண்டும். மாவு வெந்து பளபளப்பு வந்ததும் இறக்கி, கொஞ்சம் ஆறியதும் எலுமிச்சைச் சாறு. உப்பு மட்டும் நாக்குக்குக் குறைவாகத் தெரியும்படி போடுங்கள், தண்ணீர் வற்றியதும் அதுவே ஏறிவிடும். ஜவ்வரிசி வத்தல் என்றால் முந்தின இரவே ஊறப் போட்டு, முத்து கண்ணாடி மாதிரி ஆகும் வரை வேகவைப்பதுதான் வேலை, மற்றதெல்லாம் இதே பக்குவம். ஐந்தரைக்கு அடுப்பைப் பற்றவைத்தால் ஏழு மணிக்கு மாடிக்குப் போய்விடலாம், எட்டரைக்குள் ஊற்றி முடித்து நிழலுக்கு வந்துவிடலாம்.

இங்கேதான் பிள்ளைகள் வருகிறார்கள். ஈர வேட்டியில் ஒரே அளவாக வட்டம் வட்டமாக ஊற்றுவதற்கு நிதானம் வேண்டும். பெரியவன் முதல் பத்தைக் கோணலாக ஊற்றுவான், அப்புறம் கை பழகிவிடும். சின்னவளுக்கு அச்சு அழுத்த வலு போதாது. அவளுக்குக் காக்கா விரட்டும் பதவி. கறுப்புக் குடை ஒன்றை விரித்துப் பக்கத்தில் வைப்பது, நாலு காய்ந்த மிளகாயைக் கோத்துத் தொங்கவிடுவது எல்லாம் பாட்டி சொல்லித் தருவார். மாடிப்படி நிழலில் உட்கார்ந்து இருவரும் காவல் காக்கட்டும். சாயங்காலம் துணியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் வத்தல் தானாக விட்டுக்கொடுக்கும். உரிப்பதில் யாருடையது முழுசாக வருகிறது என்று போட்டி வைக்கலாம். பிறகு தட்டில் பரப்பி இன்னும் இரண்டு மூன்று நாள் வெயில். ஒடித்தால் பட்டென்று ஒடிய வேண்டும், வளைந்தால் இன்னும் காயவில்லை.

ஆனால் பிள்ளைகளுக்கு உண்மையான சுவை அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டுக் கூழிலும், பாதி காய்ந்து ஜவ்வாக இருக்கிற வத்தலிலும்தான். ஊற்றியதில் கால்வாசி அப்படியே காணாமல் போகும். அதற்கும் சேர்த்தே மாவு எடுங்கள்.

மாவடுவும் இதே பருவத்து வேலைதான், மார்ச்சில் சந்தைக்கு வந்துவிடும். காம்போடு இருக்கிற உருண்டை வடுவாகப் பார்த்து வாங்கி, கழுவித் துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, கல்லுப்பு, மிளகாய்த்தூள், கடுகுத்தூள், மஞ்சள்தூள் போட்டு ஜாடியில் குலுக்குவதுதான். கிலோவுக்கு நூறு கிராம் உப்புக்குக் குறையக் கூடாது. தினம் காலையில் ஜாடியைக் குலுக்குவது ஒருவர் பொறுப்பு என்று வையுங்கள். வடு நாளுக்கு நாள் சுருங்குவதையும், ஊற்றாமலே தண்ணீர் விடுவதையும் பார்த்துவிட்டு ஆறாம் வகுப்புப் பையன் ஏன் என்று கேட்பான். உப்பு தண்ணீரை வெளியே இழுக்கிறது என்று சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் பள்ளியில் கிடைக்காது.

பாடம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. வருடத்தில் இரண்டே நாள், உச்சிப்பொழுதில் மதுரையில் நேராக நிற்கிற எந்தப் பொருளுக்கும் பக்கவாட்டில் நிழலே விழாது. சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்துவிடுவதால் இது நடக்கிறது. நிழலில்லா நாள் என்பார்கள். கடக ரேகைக்குத் தெற்கே இருக்கிற ஊர்களுக்குத்தான் இந்தப் பாக்கியம், டெல்லிக்குக் கிடையாது. மதுரைக்கு அது ஏப்ரல் 16 வாக்கில் வருகிறது, மறுபடி ஆகஸ்ட் கடைசி வாரத்தில். நேரம் சரியாக 12 மணி அல்ல. நம் கடிகாரம் அலகாபாத் பக்கத்துத் தீர்க்கரேகையை வைத்து ஓடுவதால், மதுரையில் சூரியன் உச்சிக்கு வர 12.17, 12.18 ஆகிவிடும்.

நடுப்பகலில் வெளியே போகாதீர்கள் என்று சொன்னேன், இது ஒன்றுக்கு மட்டும் விலக்கு. பத்து நிமிடம் போதும். மாடியில் சமதளமாக ஒரு பலகை, அதன் மேல் ஒரு டம்ளர், ஒரு பேனா மூடி, உயரமாக ஏதாவது ஒரு டப்பா. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டே வந்தால், அது சுருங்கிச் சுருங்கி அடியில் போய் ஒளிந்துகொள்வதைப் பார்க்கலாம். 6 வயதுக் குழந்தைக்கு இது மந்திரம்.

பெரியவனுக்கு இன்னும் ஒரு படி இருக்கிறது. சென்னையில் சித்தியோ மாமாவோ இருந்தால் அதே நாளில் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னைக்கு நிழலில்லா நாள் ஏப்ரல் 24, 25 வாக்கில்தான். ஆகவே 16ஆம் தேதி உச்சிப்பொழுதில் (அங்கே 12.10 வாக்கில்) ஒரு மீட்டர் உயரக் குச்சியை நேராக நிறுத்தினால் ஐந்தரை சென்டிமீட்டர் நிழல் வடக்குப் பக்கம் விழும். கணக்குப் போட்டால் அது 3 பாகைக்குச் சற்று அதிகமான கோணம். மதுரைக்கும் சென்னைக்கும் வடக்கு தெற்காக உள்ள தூரம் சுமார் 350 கிலோமீட்டர். சாலைத் தூரத்தையோ நேர்கோட்டுத் தூரத்தையோ எடுக்கக் கூடாது, சென்னை நமக்கு வடகிழக்கில் இருக்கிறது. 3.15 பாகைக்கு 350 கிலோமீட்டர் என்றால் 360 பாகைக்கு எவ்வளவு? 40,000 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு. இரண்டாயிரத்து இருநூறு வருடங்களுக்கு முன் எரடோஸ்தெனஸ் எகிப்தில் செய்தது இதையேதான். வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோவும் ஒரு ஸ்கேலும் இருந்தால் உங்கள் வீட்டில் நடந்துவிடும். அளவில் அரை சென்டிமீட்டர் பிசகினால் விடை சில ஆயிரம் கிலோமீட்டர் நகரும், அதையும் பையனே கண்டுபிடிக்கட்டும். கோவைக்கு 19, கன்னியாகுமரிக்கு 10, 11 வாக்கில் இந்த நாள் வரும், சொந்தக்காரர்கள் எங்கே இருந்தாலும் வைத்துக்கொள்ளலாம்.

இரவுக்கு வருவோம். மாடியில் பாய் விரித்துப் படுப்பது என்பதே இப்போது பிள்ளைகளுக்கு ஒரு சுற்றுலா. ஏப்ரல், மே மாத வானத்தில் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் அருமையானது. எட்டு மணிக்கு மேல் வடக்கே திரும்பினால் சப்தரிஷி மண்டலம் நன்றாக ஏறியிருக்கும். அதன் வால் வளைந்து போகிற போக்கிலேயே கண்ணைக் கொண்டுபோனால் செம்மஞ்சளாக ஒரு பெரிய நட்சத்திரம், அது சுவாதி. அதே வளைவில் இன்னும் கீழே போனால் நீலவெள்ளையாக ஒன்று, அதுதான் சித்திரை. முழுநிலா அந்த நட்சத்திரத்தின் பக்கத்தில் வருவதால்தான் மாதத்துக்கே அந்தப் பெயர். சித்ரா பௌர்ணமி அன்று பிள்ளைகளை மாடிக்குக் கூட்டிப் போய் நிலாவுக்குப் பக்கத்தில் அதைத் தேடச் சொல்லுங்கள். சப்தரிஷி மண்டலத்தில் வால் பக்கத்திலிருந்து இரண்டாவது நட்சத்திரத்தை உற்றுப் பார்த்தால் ஒட்டினாற்போல் மங்கலாக இன்னொன்று தெரியும். கல்யாணத்தில் காட்டுகிற அருந்ததி. உங்கள் கல்யாணத்தில் பகலில் காட்டியிருப்பார்கள், நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள், இப்போதாவது பார்த்துவிடுங்கள். மே நடுவில் ஒன்பது, ஒன்பதேகால் மணிக்குத் தெற்கே தாழ்வாகப் பட்டம் போன்ற வடிவில் நாலு நட்சத்திரம் நிற்கும், தென்சிலுவை. ஐரோப்பாக்காரர்கள் அதைப் பார்க்கக் கப்பலேறி வர வேண்டியிருந்தது, நமக்கு மாடிப்படி ஏறினால் போதும். தெற்குப் பக்கம் பெரிய கட்டடமோ விளக்கோ இல்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சித்ரா பௌர்ணமி அன்று நிலாச்சோறும் சேர்த்துக்கொள்ளலாம். புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம், நீங்கள் ஊற்றிய வத்தல். ஆற்றங்கரைக்குப் போக வேண்டியதில்லை, மாடியே போதும். பாட்டி கையில் உருட்டிக் கொடுக்க, வட்டமாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். தட்டு வேண்டாம்.

மதுரையில் இருந்துகொண்டு சித்திரைத் திருவிழாவைச் சொல்லாமல் விட முடியாது. ஆனால் நான் சொல்லப் போவது சிலருக்குப் பிடிக்காது: 6 வயதுக் குழந்தையையும் மூட்டு வலி உள்ள பாட்டியையும் அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று அதிகாலை வைகைக் கரைக்கு அழைத்துப் போகாதீர்கள். 2022இல் அந்த நெரிசலில் இரண்டு பேர் இறந்தார்கள். தோளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற அப்பாக்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். அதைத் தொலைக்காட்சியில் பாருங்கள், அழகர் கட்டி வருவது பச்சைப் பட்டா சிவப்புப் பட்டா என்று வீட்டிலேயே பந்தயம் கட்டுங்கள்.

நேரில் பார்க்க வேண்டியது அதற்கு முந்தின நாள் எதிர்சேவை. அழகர்கோவிலிலிருந்து கள்ளர் திருக்கோலத்தில் புறப்பட்டு மண்டகப்படி மண்டகப்படியாக நின்று நின்று வருகிறவரை மூன்றுமாவடி, புதூர்ப் பக்கம் போய் எதிர்கொள்ளலாம். அங்கேயும் கூட்டம் உண்டு, ஆனால் ஒதுங்க இடமும் உண்டு. அழகர் வேடம் போட்டு, தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள், சர்க்கரை நிரப்பிய செம்பில் சூடம் ஏற்றிக் காத்து நிற்கிற பெண்கள், மொட்டை போட்ட குழந்தைகள், திரியாட்டம் ஆடுகிறவர்கள் என்று பார்க்க ஆயிரம் இருக்கும். தள்ளி நின்று பார்ப்பதைவிட நல்லது, தெருக்காரர்களோடு சேர்ந்து ஒரு நீர்மோர்ப் பந்தல் போடுவது. மோர் கடைவது, கறிவேப்பிலை கிள்ளுவது, பானகத்துக்கு வெல்லம் தட்டுவது, டம்ளர் நிரப்புவது, 'வாங்க வாங்க' என்று கூப்பிடுவது, எல்லாவற்றிலும் பிள்ளைகளுக்கு இடம் உண்டு. முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் வாங்கிக் குடித்துவிட்டு 'நல்லா இரு தாயி' என்று தலையில் கைவைத்தால் உங்கள் மகள் அன்று தூங்க மாட்டாள். ஒன்று மட்டும்: காய்ச்சி ஆறிய தண்ணீரை ஊற்றுங்கள், ஐஸ் கட்டி வேண்டாம்.

மீனாட்சி அம்மன் கோவில் பக்கத்து விழா பன்னிரண்டு நாள். கொடியேற்றத்துக்கு மறுநாளிலிருந்து திருக்கல்யாணத்துக்கு முன்பு வரை தினமும் மாலையில் மாசி வீதிகளில் சுவாமி புறப்பாடு இருக்கும், வாகனம் நாளுக்கொன்றாக மாறும். அந்த நடு நாட்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மாசி வீதி ஓரமாக ஒரு திண்ணையிலோ கடை வாசலிலோ உட்கார்ந்துவிட்டால் பாட்டியும் சௌகரியமாகப் பார்க்கலாம். கோலாட்டம் ஆடிவருகிற சிறுமிகளைப் பார்த்து உங்கள் மகள் அடுத்த வருடம் தானும் ஆட வேண்டும் என்று கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள். தேதி நிலாவை ஒட்டி மாறும், ஏப்ரல் முதல் வாரத்திலிருந்து மே நடு வரைக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். பரீட்சை அட்டவணையோடு வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு காலைகளுக்கு மலைகள் இருக்கின்றன, மதுரையைச் சுற்றி அதற்குப் பஞ்சமில்லை. கீழக்குயில்குடி சமணர் மலை ஊரை ஒட்டியே இருக்கிறது. ஆறு மணிக்கு அங்கே இருந்தால் அடிவாரத்துத் தாமரைக் குளத்தையும் பெரிய ஆலமரத்தையும் கூட்டமில்லாமல் பார்க்கலாம். பாட்டி ஆலமரத்தடியில் உட்காரட்டும். படியேறிப் போனால் பேச்சிப்பள்ளம், பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்கள், அடியில் 9, 10ஆம் நூற்றாண்டு வட்டெழுத்து. பெரியவனுக்குத் தாளும் பென்சிலும் கொடுத்து அந்த எழுத்துகளைப் பார்த்து வரையச் சொல்லுங்கள். பாறை சூடாகும் முன், எட்டு மணிக்குள், இறங்கிவிட வேண்டும். மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி இன்னும் அருமை. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது அந்த ஊர்ப் பகுதியைத்தான். குடைவரைச் சிவன் கோவில், சமணர் படுக்கை, தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்தில் ஒரு கல்வெட்டு, மேலே வட்டமிடுகிற கழுகுகளும் வல்லூறுகளும். பைனாகுலர் இரவல் கிடைத்தால் எடுத்துப் போங்கள். சாப்பாடு கையோடு வேண்டும், குப்பையும் கையோடு திரும்ப வேண்டும்.

காட்டுக்குள் மலையேற்றம் மட்டும் இந்தப் பருவத்தில் வேண்டவே வேண்டாம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தது இந்தக் காய்ந்த புல் காலத்தில்தான். யாராவது 'தெரிந்த வழிதான்' என்று கூப்பிட்டாலும் போகாதீர்கள்.

வீட்டு ஜன்னலிலிருந்தே செய்ய ஒரு வேலை: குயில். மார்ச்சில் கூவத் தொடங்கிவிடும். கூவுகிறது ஆண், கறுப்பு உடல், சிவப்புக் கண். பெண் பழுப்பு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும், அதன் குரல் 'கிக் கிக் கிக்' என்று அவசரமாக ஒலிக்கும். பிள்ளைகள் பல பேர் அதைக் குயில் என்றே நம்ப மாட்டார்கள். காக்கா கூடு கட்டுகிற மரத்தைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டால், கூட்டின் பக்கம் ஆண் குயில் வந்து வம்பிழுப்பதும், காக்கா துரத்திப் போவதும், அந்த இடைவெளியில் பெண் குயில் நுழைய முயல்வதும் காணக் கிடைக்கலாம். பால்கனியில் அகலமான மண் தட்டில் தண்ணீர் வையுங்கள். ஆழம் இரண்டு விரல்கடை போதும், நடுவில் ஒரு கல், தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கொசு வளரும். அந்தப் பொறுப்பையும் பிள்ளைகளிடமே விடுங்கள். மெர்லின் என்ற செயலி பறவைக் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும், இலவசம்தான்.

நுங்கு வண்டியைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். நுங்கு வாங்குகிற இடத்தில் வெட்டிப்போட்ட வெறுங்காய்கள் குவிந்து கிடக்கும், கேட்டால் சும்மாவே தருவார்கள். ஒரே அளவில் இரண்டு, நடுவில் அச்சாக ஒரு முழக் குச்சி, அதன் மேல் கவட்டை உட்காரும்படி நீளக் குச்சி ஒன்று. அப்பாவுக்கு இது தெரிந்திருக்கும், தெரியாவிட்டால் தாத்தாவுக்குப் போன் போடட்டும். சாயங்காலம் குடியிருப்புக்குள் ஒரு வண்டி இறங்கினால் மறுநாள் பத்து வண்டி ஓடும். இரண்டு மூன்று நாளில் காய் வாடிச் சுருங்கிவிடும், புதிதாகச் செய்ய அடுத்த நுங்கு வாங்க வேண்டும், அதில் யாருக்கும் வருத்தமில்லை. பட்டம் விடுவதாக இருந்தால் ஈர்க்கு, செய்தித்தாள், சோற்றுப் பசை, சாதாரணத் தையல் நூல். மாஞ்சா நூல் பக்கமே போகக் கூடாது, அது கழுத்தை அறுத்த கதைகள் போதும்.

நடுப்பகல் பற்றி ஒரு பத்தி. பல்லாங்குழி, தாயம், ஆடுபுலி ஆட்டம் மூன்றும் பாட்டிக்குத் தெரிந்திருக்கும். தாயத்தில் பாட்டிகள் கூசாமல் வெட்டுவார்கள், பிள்ளைகள் தோற்கப் பழகுவது அங்கேதான். நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது, ஏசியும் இருக்கிறது. பதினோரு மணிக்கு உள்ளே போய் நாலரைக்கு வெளியே வரலாம். வாரத்தில் ஒரு நாளை இதற்கென்றே ஒதுக்குங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு மலைக்கு ஒரு முறை போகத்தான் வேண்டும் என்று வீட்டில் அடம்பிடித்தால், மே மாத மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் போய்க் காருக்குள் உட்கார்ந்திருக்காதீர்கள். மார்ச் கடைசியில் சனி, ஞாயிறைத் தவிர்த்து ஒரு நாள் கொடைக்கானல் போனால் ஜகரண்டா மரங்கள் ஊதாவாகப் பூத்திருக்கும், ஏரியைச் சுற்றி நிம்மதியாக நடக்கலாம். 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று ஆகியிருக்கிறது, கிளம்பும் முன் நடைமுறையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளியில் ஒரு நாள் லீவு சொல்ல வேண்டியிருக்கும், அதை மட்டும் நீங்கள் சமாளித்துக்கொள்ளுங்கள். மே 4 வாக்கில் கத்திரி வெயில் தொடங்கிவிடும். அதற்கு மேல் காலை நேரத்தையும் ஏழரையோடு முடித்துக்கொண்டு, பாட்டியை மாடி வேலைகளிலிருந்து விடுவித்துவிடுங்கள்.